பொன்னுரங்கம் கொண்டுவந்த பக்கம்

கரூருக்கு முதன்முதலில் வந்த பிரவுசர் பொன்னுரங்கம்தான். இணையத்தில் யாருக்கு எந்தப் பக்கம் வேண்டுமென்றாலும் அவரிடம் சொன்னால் போதும். ஓடிப்போய் எடுத்துவந்து விரித்துக் காட்டுவார். ஊரே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. அதெல்லாம் ஒரு காலம், போங்கள்.

பிறகு கட்டிய வீடுகளில் கதவு, ஜன்னலோடு ஒரு பிரவுசரும் சேர்ந்தே வந்தார். கூடத்துச் சுவரில் இடுப்புவரை பதிந்திருப்பார். கேட்டதைச் சுவருக்குள் கைவிட்டு எடுத்துத் தருவார். மந்தம்தான். ஆனால் வீட்டுக்குள்ளேயே ஒருவர் இருக்கும்போது, வெயிலில் தெருவுக்கு வந்து இன்னொருவரைக் கூப்பிட யாருக்கு என்ன தலையெழுத்து? அவர்களைப் பெயர்த்தெடுக்கச் சொல்லிப் பொன்னுரங்கம் பஞ்சாயத்து வைத்தார். எடுத்தால் சுவர் இறங்கிவிடும் என்று மேஸ்திரி கையை விரித்துவிட்டார்.

பொன்னுரங்கம் ரோஷக்காரர். தன்னை முழுசாகப் பிரித்து, அடியிலிருந்து புதிதாகக் கட்டிக்கொள்வது என்று பட்டறையில் போய்ப் படுத்துவிட்டார். பிரிப்பது ஒரே நாளில் முடிந்தது. கட்டுவதுதான் இழுத்துக்கொண்டே போனது. மனைவி தமயந்தி வாராவாரம் வந்து தலையோடு பேசிவிட்டுப் போவாள்.

“சீக்கிரம் வாங்க. பிளஸ் டூ ரிசல்ட்டை அப்பாதான் எடுத்துத் தரணும்னு சுகந்தி ஒத்தக் கால்ல நிக்கிறா.”

“முட்டி இன்னும் பூட்டலையே, தமயந்தி.”

ரிசல்ட் அன்றுதான் பூட்டினார்கள். மகளுக்கு இந்த ஒரு காரியமாவது செய்ய வேண்டுமே என்ற பதைப்பில், ஓட்டமாக ஓடிப் பக்கத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். குடும்பம் புதுவீட்டுக்கு மாறியிருந்தது. கூடத்துச் சுவரில் அந்த வீட்டோடு வந்த பிரவுசர் இருந்தார். பொன்னுரங்கம் பக்கத்தை விரித்தார். இப்போதெல்லாம் சுவர்க்காரர்களுக்குத் தோதாகத்தான் பக்கங்களை எழுதுகிறார்கள். மதிப்பெண்கள் அவர் கையில் நிற்காமல் பொலபொலவென்று தரையில் உதிர்ந்தன. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“விடுங்கப்பா,” என்றாள் சுகந்தி, எண்களைப் பொறுக்கிக்கொண்டே. “காலையிலயே இவர் எடுத்துக் கொடுத்துட்டாரு. நல்ல மார்க்குங்க. மேஸ்திரியே வந்து எனக்கு அளவெடுத்துட்டுப் போயிட்டாரு. தாந்தோணிமலையில கட்டுற வீட்டுக் கூடத்துச் சுவருக்கு.”

“எப்ப?”

“நாளைக்குக் காலையில வெச்சுப் பூசுறாங்க.”

பொன்னுரங்கம் மகளின் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

“அப்ப இன்னைக்கே தலைக்கு ஊத்திக்க, சாமி. அப்புறம் தோதுப்படாது.”

தமயந்தி தலைக்கு அரப்புத்தூள் கரைக்க உள்ளே போனாள்.