பதினொரு விநாடிக்கு இரண்டு விளக்கு

1

இந்தக் கதையை எழுதமாட்டேன் என்று யோசெப் அண்ணைக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். மாதா சுருவத்துக்கு முன்னால் நின்று கொடுத்த வாக்கு அல்ல. பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் தேநீரும் வடையுமாக நின்றபோது கொடுத்தது. ஆகவே பாவம் கொஞ்சம் குறைவு என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். எழுதுகிறவனை நம்பி வாயைத் திறந்தது அவருடைய பிழை. திறந்த வாயை மூடவிடாமல் இன்னொரு வடையை எடுத்து நீட்டியது என்னுடைய பிழை.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாசாலில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில்—

[வேண்டாம். மொன்றியலில் நடக்கிற எல்லாத் தமிழ்க் கதையிலும் பனி கொட்டுகிறது. இது நடந்தது ஓகஸ்டில். யோசெப் பெனியனோடு இருந்தார், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.]

இரண்டாவது தொடக்கம்:

ஒரு தாய் தன் மகனின் குரலைக் கேட்பதற்காக முப்பது வருடம்—

[இதுவும் வேண்டாம். வாசகரின் கழுத்தைப் பிடித்து அழவைக்கிற வாக்கியம். அழுகை வந்தால் தானாக வரட்டும்.]

2

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மொத்தம் நாலு பேர், அதில் இரண்டு பேர் இல்லை.

யோசெப், ஐம்பத்தெட்டு வயது, மன்னார். டோர்வலில் விமானம் வந்து நின்றதும் உள்ளே ஏறி, இறங்கிப்போனவர்கள் விட்டுச்சென்ற குப்பையை இருபது நிமிடத்தில் வழித்தெடுக்கிற வேலை. பழைய மின்சாதனங்களைத் திருத்துவது பொழுதுபோக்கு. திருத்தியதில் பாதி ஓடும்.

அவருடைய அக்கா அல்போன்சம்மா, எழுபது தாண்டியவர், வில்லரேயில் தனியாக இருக்கிறார். அவருடைய கணவர் பத்திநாதர் போன வருடம் தவறிப்போனார்.

நாலாவது ஆள் மைக்கல். எண்பத்தொன்பதில் தாயும் தகப்பனும் கனடாவுக்கு வந்தபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. "ஆறு மாசத்தில கூப்பிடுறம்" என்று சொல்லி அவனைச் சித்தியிடம் விட்டுவிட்டு வந்தார்கள். ஆறு மாதம் நாலு வருடமானது. இடையில் சித்தியோடு படகேறித் தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமுக்குப் போனான். தொண்ணூற்று மூன்றில் செங்கமாரி வந்து, கண்ணெல்லாம் மஞ்சளாகி, அங்கேயே போய்விட்டான். பத்திரங்கள் எல்லாம் சரி என்று ஒட்டாவாவிலிருந்து வந்த கடிதத்துக்கு அப்போது பதினைந்து நாள் வயது.

[பதினைந்து நாள் என்பது நான் போட்டது. உண்மையில் எத்தனை நாள் என்று யோசெப்புக்கு நினைவில்லை. கூட்டியோ குறைத்தோ போட்டுக்கொள்ளுங்கள், வலி ஒன்றுதான்.]

சாவதற்கு முந்தின வருடம், இராமநாதபுரத்தில் ஒரு தொலைபேசிக் கடையிலிருந்து மைக்கல் ஒருதடவை மொன்றியலுக்கு அழைப்பு எடுத்தான். அல்போன்சம்மா வேலையில். பத்திநாதரின் வீட்டுக் கணினியோ அப்போது புதிது. விசைப்பலகையும் உடலும் ஒன்றாக ஒட்டிய மாதிரி, ஒலியைப் பதியக்கூடியது. மனுசன் அந்த விளையாட்டில் பைத்தியமாக இருந்த காலம். ஒலிவாங்கியைத் தொலைபேசியில் வைத்து அமர்த்தினார். கணினியின் ஞாபகத்துக்குள் பதினொரு விநாடிதான் அடங்கியது. அதை ஒரு டிஸ்க்கில் சேமித்து, 'மைக்கல் 92' என்று எழுதி ஒட்டினார். மனைவி கேட்டபோதெல்லாம் "அது பழுதாப்போச்சு" என்றார். முப்பது வருடமாக அதையே சொல்லிவிட்டுச் செத்தும்போனார்.

அவரை அடக்கம் செய்த அடுத்த திங்களே அல்போன்சம்மா அலமாரியைக் கிண்டி, டிஸ்க்கையும் கணினியையும் தூக்கிக்கொண்டு, பஸ்ஸும் மெத்ரோவும் மாறி மாறி ஏறித் தம்பியிடம் வந்தார்.

"எனக்கு அந்தக் குரலை ஒருக்காக் கேட்டாக் காணும் யோசெப். பேந்து நான் ஒண்டும் கேக்கமாட்டன்."

3

இனி வயர்க் கதை. பொறுமையில்லாதவர்கள் நாலாம் பகுதிக்குப் போகலாம், ஆனால் குற்றம் நடந்தது இங்கேதான்.

பழைய கணினியின் பிளாஸ்ரிக் உடல் மஞ்சளாகி, கைபட்ட இடமெல்லாம் அப்பளமாக நொறுங்கியது. உள்ளே இருந்த மின்சுற்றுப் பலகை நல்லாயிருந்தது. யூலை முதலாம் திகதி பாதி மொன்றியல் வீடு மாறுமே, அன்றைக்குத் தெருவோரம் எறிந்துவிட்டுப் போன சாமான்களுக்குள் யோசெப் ஓர் அலுவலகக் கணினியின் கறுத்த இரும்புப் பெட்டியைப் பொறுக்கிவந்தார். குடல் இல்லாத வெறும் பெட்டி. பழைய பலகையை அதற்குள் குடியேற்றினார்.

பெட்டியின் முகத்தில் இரண்டு சின்ன எல்.இ.டி. விளக்குகள். ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. அந்தப் பெட்டியைச் செய்தவன் பச்சையை மின்சாரத்துக்கும் சிவப்பை டிஸ்க்குக்கும் வைத்திருந்தான். மின்சார விளக்கு, கணினி போட்டிருக்கும்வரை எரியும். டிஸ்க் விளக்கு, டிஸ்க்கில் எழுதும்போதும் வாசிக்கும்போதும் மட்டும் எரியும், அது எரியும்போது டிஸ்க்கில் கைவைக்கக்கூடாது. இவ்வளவுதான் விசயம். பத்திநாதரின் பழைய உடலிலும் இதே நிறங்கள்தான் இருந்தன.

ஆனால் புதுப் பெட்டியின் வயர் முனைகள் பழைய பலகையில் பொருந்தவில்லை. வெட்டி, ஈயம் வைத்து, ஒவ்வொன்றாக ஒட்டவேண்டியிருந்தது. இந்த விளக்குகளுக்குத் தலை கால் உண்டு, மாறிக் கொடுத்தால் எரியாது. மூன்று சனிக்கிழமை அதற்கே போனது. ஒலிபெருக்கியை இணைக்க அரை மணி நேரம் போதும். அதை அவர் தொடவேயில்லை.* மூன்றாம் சனிக்கிழமை இரண்டு விளக்கும் எரிந்தன. சிவப்பை மின்சாரத்துக்குக் கொடுத்திருந்தார். பச்சையை டிஸ்க்குக்கு.

"ஏன் அண்ணை மாத்தினீங்கள்?" என்று கேட்டேன்.

"நற்கருணைப் பேழைக்கு முன்னால என்ன லைற் எரியிறது? சிவப்பெல்லோ. அது எரிஞ்சா ஆண்டவர் உள்ளுக்கை இருக்கிறார். எனக்கு அதுதான் மனசில நிண்டது. உள்ளுக்கை பிள்ளையின்ர குரல் இருக்கு."

இதை நான் சோடித்தேன் என்று நினைப்பீர்கள். இல்லை. யோசெப்பின் தகப்பன் கோயிலில் மணியடித்து விளக்குப் பார்த்தவர், பெரிய வெள்ளிக்கு மட்டும் அந்தச் சிவப்பை அணைக்கிறவர். அப்படி வளர்ந்த ஒருவரின் கை, சிவப்பு வயரைக் கண்டதும் அணையாத விளக்குக்குத்தான் போகும். ஒரு பொறியியலாளர் இந்தப் பிழையை விடமாட்டார். இதற்கு விசுவாசம் வேண்டும்.

* ஒலிபெருக்கி இல்லாமலே அவர் கேட்டுவிட்டார். இரண்டாம் சனிக்கிழமை, காதில் மாட்டுகிற கருவியைச் செருகி, தனியாக, பதினொரு விநாடியையும். அக்காவுக்குச் சொல்லவில்லை.

4

ஓகஸ்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு அல்போன்சம்மா வந்தார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். யோசெப்பின் மனைவி அக்னெஸ் மேலே சமைத்துக்கொண்டிருந்தார்.

"ஸ்பீக்கர் இன்னும் பூட்டேல்லை அக்கா" என்றார் யோசெப். "இதைப் புது மாதிரிக்கு மாத்தி அதே டிஸ்க்கில சேமிக்கிறன். பேந்து உங்கட போனிலையே கேக்கலாம்."

"அதே டிஸ்க்கிலயோ? ஒண்டும் ஆகாதே?"

"ஆகாது."

[வேறு டிஸ்க்கில் பிரதி எடுக்காமல் இதைச் செய்யக்கூடாது என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். வெற்று டிஸ்க் இப்போது எங்கே கிடைக்கிறது என்கிறார் யோசெப். கிடைக்கிறது. நான் தேடிப் பார்த்தேன்.]

கட்டளையைக் கொடுத்தார். இயந்திரம் கணக்குப் போடத் தொடங்கியது. அது மெதுவான சாமான், கணக்கு முடியும்வரை டிஸ்க்கைத் தொடாது. அந்த நேரம் பார்த்து மேலே தொலைபேசி அடித்தது. டோர்வலிலிருந்து மேற்பார்வையாளர், யாரோ வேலைக்கு வரவில்லையாம். யோசெப் எழுந்தார்.

"லைற்றைப் பாத்து டிஸ்க்கை எடுங்கோ அக்கா. வாறன்."

எந்த லைற் என்று சொல்லவில்லை.

அல்போன்சம்மா கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. பத்திநாதர் உயிரோடிருந்த காலம் முழுக்க அவர் காதில் விழுந்த பாடம் ஒன்றுதான்: சிவப்பு எரியேக்கை கைவைக்காதை. ஆகவே கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் பச்சை பளிச்சென்று வந்தது. தெருவைக் கடக்கிற எல்லோருக்கும் தெரிந்த பச்சை, அதற்குப் பிறகு அணையாத சிவப்பு அவர் கண்ணில் படவில்லை. எழுந்து, பொத்தானை அழுத்தி, டிஸ்க்கை வெளியே எடுத்தார்.

இயந்திரம் அப்போதுதான் எழுதத் தொடங்கியிருந்தது.

யோசெப் இறங்கி வந்தபோது திரையில் பிழைச் செய்தி. திரும்பப் போட்டுப் பார்த்தார். நாலு முறை, ஐந்து முறை. 'மைக்கல் 92' இப்போது உண்மையிலேயே பழுது.

"நான் பச்சை வந்தாப் பிறகுதானே எடுத்தனான்" என்றார் அல்போன்சம்மா. "நான் எடுத்ததாலயோ?"

அந்த இடத்தில் யோசெப் வாயைத் திறந்து, விளக்கை மாத்தினது நான் என்று சொல்லியிருக்கவேண்டும். அவர் சொன்னது வேறு. "பழைய டிஸ்க் அக்கா. என்ன செய்யிறது."

மேலே தொலைபேசி உண்மையில் அடித்ததா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அக்னெஸைக் கேட்டாலும் தெரிந்துவிடும். கேட்டால் ஒன்றில் அவர் வெறும் முட்டாள், அல்லது வெறும் கள்ளன் என்று முடிந்துவிடும். எனக்குக் கதை போய்விடும். இதுதான் எழுதுகிறவனின் யோக்கியதை.

5

[பதினொரு விநாடியில் மைக்கல் சொன்னது. யோசெப் எனக்குச் சொன்னபடியே தருகிறேன், ஒரு சொல்லையும் தொடவில்லை.

"பப்பா, அம்மா பக்கத்தில நிண்டாப் போனைக் குடுக்காதைங்கோ. எனக்கு அவவோட கதையில்லை. விட்டிட்டுப் போனவதானே. நான் செத்தாலும் அவவுக்குச் சொல்லவேண்டாம்."

பதினாறு வயதுப் பிள்ளையின் கோபம். இன்னும் மூன்று வருடம் இருந்திருந்தால் அவனே இதைச் சொல்லிச் சிரித்திருப்பான். இருக்கவில்லை.]

6

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் யோசெப் வில்லரேக்குப் போய், வயர் மாறின கதையைச் சொல்லிவிடுகிறார். அக்கா உடனே கேட்கிறார்: "அப்ப நீ அதுக்கு முதலே கேட்டனீயோ? என்ன சொன்னவன்?" ஒரு பொய்யை இழுத்தால் மற்றதும் கூடவே வருகிறது. இந்த முடிவில் யோசெப் வாசலில் நின்று—

இரண்டாவதில் அவர் அழகாக ஒரு பொய் சொல்கிறார். 'அம்மாவைச் சுகம் கேட்டவன், கெதியாக் கூப்பிடச் சொன்னவன்.' அல்போன்சம்மா அழுது, ஆறி, நிம்மதியாக— [இதை எழுதியபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. சீக்கிரம் கூப்பிடச் சொல்லி மகன் கேட்டும் கூப்பிட முடியாத தாய்க்கு அது எப்படி நிம்மதியாகும்?]

மூன்றாவது, உண்மையில் நடப்பது. ஒன்றும் நடக்கவில்லை. மாதக் கடைசியில் தமிழ்ப் பாதிரியார் வருகிற சனிக்கிழமைகளில் அல்போன்சம்மா பாவசங்கீர்த்தனத்துக்குப் போகிறார். ஒவ்வொரு தடவையும் ஒரே பாவம். "என்ர பிள்ளையின்ர குரலை என்ர கையாலயே அழிச்சுப்போட்டன் எண்டு சொன்னனான்" என்று அவரே அக்னெஸிடம் சொல்லியிருக்கிறார். பாதிரியார் பாவமன்னிப்புக் கொடுக்கிறார். அது அல்போன்சம்மாவின் பாவம் இல்லாததாலோ என்னவோ, போகமாட்டேன் என்கிறது. அடுத்த மாதமும் வரிசையில் நிற்கிறார். வெளியே காரில் யோசெப் காத்திருக்கிறார், அக்காவை ஏற்றி இறக்குவதற்கு. ஓட்டுவதில் குறை வைக்கிற தம்பியில்லை.

அவரை நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

7

பெயர்களை மாற்றியிருக்கிறேன். அது போதாது. கணினி, டிஸ்க், பச்சை லைற் என்றதுமே வில்லரேயில் ஒருவருக்கு இது யாருடைய கதை என்று தெரிந்துவிடும்.

ஆனால் அவரால் இதை வாசிக்க முடியாது. கண்ணில் புரை வெட்டியபிறகும் சின்ன எழுத்துப் பிடிபடுவதில்லை. தமிழில் எது அச்சாகி வந்தாலும், வீட்டுக்கு வருகிற யாரையாவது இருத்தி, சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார். கோயில் ஆட்கள், கீழ்வீட்டுப் பிள்ளை, தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்கள். யாராயிருந்தாலும் தேநீரும் பிஸ்கட்டும் உண்டு.

ஆகவே இதைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறவரோடு மட்டும் இப்போது பேசுகிறேன். இந்தப் பந்தியை வாய்க்குள் வாசியுங்கள். நாலாம் பகுதி வந்தபோது அவர் கதிரை நுனிக்கு வந்திருப்பார். அந்தப் பாவம் தன்னுடையதில்லை என்று அப்போதே அவருக்கு விளங்கியிருக்கும். யோசெப் செய்யாததை நீங்கள் செய்துவிட்டீர்கள், புண்ணியமாகப் போகட்டும். அதற்குப் பிறகு இருந்த அடைப்புக்குறிக்குள் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. வாசித்திருந்தால், என்னுடைய முடிவு உங்களுக்குத் தேவையில்லை, அது உங்களுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. இரக்கப்பட்டுத் தாண்டியிருந்தால், தேநீரைக் கீழே வையுங்கள். அவருக்குக் கண்தான் மங்கல்.

"நாலுக்குப் பிறகு ஆறெண்டு வாசிச்சனீங்கள். அஞ்சு எங்கை, பிள்ளை?"