பாத்துச் செய்யுங்க

1

கதை எழுத வேண்டும் என்று நான் உட்காரவில்லை. செல்வகணேஷ் என்பவரிடம் போனில் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதி வைத்துக்கொள்ளத்தான் உட்கார்ந்தேன். அது வரவில்லை. வராத எரிச்சலில் அதைச் சுற்றி எழுதியதுதான் இவ்வளவும். நாற்பத்தாறு வயதில் எழுதப் படிக்கக் கற்றவன் நான். எழுத்து தெரிந்தால் வாக்கியம் தானாக வரும் என்று எவனோ சொன்னதை நம்பியிருந்தேன்.

2

முதல் தொடக்கம்: "பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைகிற சத்தம்..." (அடித்துவிட்டேன். கோயில் பக்கம்தான், ஆனால் நான் மேசை துடைக்கும் ஓட்டலுக்குள் கிரைண்டர் சத்தம் தவிர எதுவும் கேட்காது.)

இரண்டாவது தொடக்கம்: "என் மகள் அனுஷா கடல் தாண்டி ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள்." எந்த நாடு என்று எழுதக் கூடாதாம். "பேரு போட்டா என்னைப் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பிருவாங்கப்பா" என்றாள். சரி, ஒரு நாடு.

அங்கே எட்டு மாதமாக ஓவர்டைமுக்குக் காசு தரவில்லை. அனுஷாவும் கூட இருக்கும் இருபத்திரண்டு பெண்களும் ஒப்பந்தத் தாளை வைத்துக் கணக்குப் போட்டுக் கேட்டார்கள். அனுஷாவுக்கு மட்டும் நாற்பத்தோராயிரம் ரூபாய் வர வேண்டும். கம்பெனி என்ன சொன்னது? 'சந்தோஷத்துக்கு' ஆளுக்கு ஆறாயிரம் தருகிறோம், பாக்கி எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போடுங்கள் என்றது. ஒருத்தியும் போடவில்லை.

(* சந்தோஷத்துக்கு: எங்கள் ஓட்டலில் டிப்ஸுக்கும் இதுதான் பெயர். யாருடைய சந்தோஷம் என்று யாரும் கேட்டதில்லை.)

3

கதைக்கு வில்லனாக ஆனந்தகிருஷ்ணன் சாரைத்தான் வைத்திருந்தேன். கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ரிட்டயர்டு ஆபீசர். தினம் மதியச் சாப்பாடு எங்களிடம். பத்து வருஷத்தில் பில் தட்டில் ஒரு ரூபாய் விட்டுப் போனதில்லை.

"நான் டிப்ஸ் வெக்க மாட்டேன், கேட்டேளா. அது ஒங்களுக்குப் பண்ற அவமானம். மொதலாளிகிட்ட சம்பளம் கேக்கணும். அதான் நியாயம்."

மலையாளியான சப்ளையர் ஷிபு தட்டைத் தூக்கிக்கொண்டே என்னையும் காட்டிச் சொன்னான்: "சாரே, இருபது ரூபாயோட அவமானம்னா ஞான் சகிச்சோளாம். அண்ணாச்சிக்குப் பத்து போதும்."

சார் சிரிக்கவில்லை. கை கழுவப் போனார்.

என்னை வேலைக்கு வைத்தபோது முதலாளி சொன்னது: "டிப்ஸ் கிடைக்கும்ல, அப்ப சம்பளம் இது போதும்." மேசை துடைக்கிறவன் பில் தட்டைத் தொடக் கூடாது என்பதும் அதே முதலாளியின் சட்டம். ஷிபு மனசு வைத்துக் கொடுத்தால் உண்டு. சார் முதலாளியைக் காட்டுகிறார், முதலாளி சாரைக் காட்டுகிறார், நடுவில் ஈரத் துணியோடு நான்.

அன்றைக்கு முதலாளிக்கு நான் என்ன பதில் சொன்னேன்? "நீங்க பாத்துச் செய்யுங்க முதலாளி." பதினாலு வருஷம் ஆகிறது. எங்கள் ஆட்கள் இப்படித்தான். கொத்து வேலைக்குப் போகிறவனும், சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவனும் கூலி இவ்வளவு என்று வாய் திறந்து சொல்ல மாட்டான். சொன்னால் பேராசைக்காரன். நாம் மரியாதையாக விட்டால் அவர் மரியாதையாகக் கூட்டித் தருவார் என்று ஒரு நம்பிக்கை. எவரும் தந்து நான் பார்க்கவில்லை.

ஆக, வில்லனை எழுதப் போனால் அவர் பேசுவது என் மகள் பேசுகிற பேச்சாகவே இருக்கிறது. இதைவிட எரிச்சல் ஒரு கதையில் வேறென்ன வேண்டும்? ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: இந்த நியாயத்தைச் சார் கல்லாவில் இருக்கும் முதலாளியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. எங்களிடம்தான் சொல்வார்.

4

தப்பு நடந்த இடம் இது. (வேறு ஒருவன் செய்ததாக மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை.)

செல்வகணேஷ் அந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர். நாகர்கோவில்காரர். பெண்கள் மசியவில்லை என்றதும் அவர்களுடைய அப்பாக்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். செவ்வாய்க்கிழமை என் முறை.

"அண்ணாச்சி, சொகமா? பிள்ளை சும்மா வீம்பு பிடிக்கா. கம்பெனி சந்தோஷமா ஒரு தொகை தருது. நீங்க என்ன சொல்லுதீங்க?"

என் கையில் எச்சில் இலை. "நான் என்ன சார் சொல்ல? நீங்களே பாத்துச் செய்யுங்க."

அரை மணி நேரத்தில் அனுஷா கூப்பிட்டாள்.

"அப்பா, நீங்க சம்மதிச்சாச்சுன்னு எல்லார் முன்னாடி வெச்சு அந்த ஆளு சொல்லியாச்சு."

"நான் எங்க மக்கா சம்மதிச்சேன்? ஒரு மரியாதைக்கு..."

"மரியாதையா? எனிக்கு நாணக்கேடாயிப் போச்சு. கையெழுத்துப் போடக் கூடாதுன்னு எல்லாரையும் பிடிச்சு நிறுத்தினதே நான்தான். இப்ப எல்லாரும் என் மூஞ்சியப் பாக்காங்க. நாலு பேர் போட்டாச்சு."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"அந்த ஆளைத் திரும்ப போன்ல விளிக்கணும். ஸ்பீக்கர்ல போடச் சொல்லணும். நாற்பத்தோராயிரம், அது எம்மக சம்பளம், அதுக்குக் கொறஞ்சு கையெழுத்து இல்லைன்னு சொல்லணும். வேற ஒண்ணும் சேக்கக் கூடாது. சாரு கீருன்னு இழுக்கக் கூடாது. நாளைக்கு நம்ம டைம் மூணு மணிக்குள்ள."

5

வாக்கியம்:

"சார், தப்பா நினைக்கலேன்னா அந்த நாற்பத்தோராயிரத்தை..."

"பிள்ளை என்னமோ கணக்குச் சொல்லுதா, உங்களுக்குத் தெரியாததா..."

"ஒரு நாற்பதாயிரமாவது..." (நானே ஆயிரம் குறைத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை.)

வாக்கியம் வராததால் முடிவுகளை எழுதினேன்.

அ) நான் சொல்கிறேன், செல்வகணேஷ் பயந்துபோய் எல்லாருக்கும் கொடுத்துவிடுகிறார். ஷிபுவுக்கு வாசித்துக் காட்டினேன். "அண்ணாச்சி, இது கதையோ மந்திரவாதமோ?" என்றான்.

ஆ) எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், அனுஷாவை அனுப்பிவைத்த ஏஜென்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அப்படியே நிற்க. இதை எழுதத் தேவையில்லை. எழுதாமலே எனக்குத் தெரியும்.

இ) முதலில் என் முதலாளியிடம் என் சம்பளத்தைக் கேட்டுப் பழகுகிறேன், பிறகு போன் செய்கிறேன். (அழகான முடிவு. இன்று காலை கல்லா வரைக்கும் போனேன். துடைக்கிற துணி கிழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.)

6

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருந்தது. கூட்டம் ஓய்ந்த நேரம். கை கழுவும் இடத்துக்குப் பின்னால் போய் நின்று போன் போட்டேன்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"ஸ்பீக்கர்ல போடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்?"

"போடுங்க."

மெஷின் சத்தம் பெரிதானது. யாரோ ஒரு பெண் இருமினாள்.

"நாற்பத்தோராயிரம் ரூபாய். அது எம்மக பாத்த வேலைக்குச் சம்பளம். அதுக்குக் கொறஞ்சு அவ கையெழுத்துப் போட மாட்டா."

அந்தப் பக்கம் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில் நான் வழக்கமாக எதை வைப்பேன் என்று இப்போது உங்களுக்கும் தெரியும். அது நாக்கு நுனி வரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

இங்கேயே நிறுத்துகிறேன். செல்வகணேஷ் என்ன சொன்னார் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவர் திட்டட்டும், இறங்கி வரட்டும், லைனை வெட்டட்டும், உங்கள் இஷ்டம். நான் பேசியதோடு மட்டும் ஒரு சொல்லும் சேர்த்துவிடாதீர்கள்.