கடமுடாவின் வயிறு பேசாத நாள்

அன்று காலை ஒலிப்பதிவில் நாயின் வயிற்றுச் சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை என்பதை அவள் முதலில் தன் வெற்றியாகவே எண்ணினாள்.

புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்வது அவள் தொழில். வீட்டின் உள்ளறைச் சுவர்களில் எதிரொலியை அடக்கும் கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டி, அதையே ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தாள். அடுத்த அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, அவள் குரலோடு சேர்ந்துவரும் வேண்டாத சத்தங்களை நீக்குவது தம்பியின் வேலை. நாய்க்கு அவள் காலடியில் படுத்தால்தான் தூக்கம் வரும். படுத்தாலோ அதன் வயிறு சும்மா இருக்காது. கதாநாயகி உயிர்விடும் இடம் பார்த்து, கடமுடா என்று உருளும். அந்தச் சத்தத்தையே தம்பி அதற்குப் பெயராக வைத்துவிட்டான்.

"அக்கா, அந்தம்மா சாகறப்ப பின்னாடி யாரோ பீரோவ நகத்துறாங்க. திரும்பப் படி."

அப்படிப்பட்ட வயிறு. யாரோ போட்ட ஒரு பிஸ்கட் போதும், வாந்தியும் பேதியும் வீட்டை இரண்டாக்கிவிடும். மருத்துவர் சொன்னபடி குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழிக்கறியும், உப்பில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தாள். சிந்தியதைச் சிதறியதைப் பொறுக்கித் தின்றுவிடக் கூடாதே என்று, தான் சமைக்கும் நேரமெல்லாம் அதை ஒலிப்பதிவு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவைத்தாள். வீட்டிலேயே தின்பதற்கு எதுவும் இல்லாத அறை அது ஒன்றுதான்.

"இன்னிக்கு சுத்தமா இருக்குக்கா. ஒரு உருட்டல் இல்ல" என்றான் தம்பி. "உன் பத்தியம் ஜெயிச்சிடுச்சு. எனக்கும் அதையே போடு, என் குறட்டையும் நிக்கட்டும்."

"உன் குறட்டைக்கு வாயத் தைக்கணும்டா" என்று சிரித்தபடியே உணவுத் தட்டோடு வந்தாள்.

நாய் தட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. முன்னங்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் பதித்து, பின்பக்கத்தை மட்டும் உயர்த்தியபடி அசையாமல் இருந்தது. பிறகு மஞ்சள் நீராக வாந்தி எடுத்தது. வாந்தி அவளுக்குப் புதிதல்ல. ஆனால் இதற்குமுன் ஒவ்வொரு முறையும் வாந்திக்கு முன்னும் பின்னும் வயிறு தன் பாட்டுக்கு முழங்கிக்கொண்டிருக்கும். இப்போது அது வாயே திறக்கவில்லை.

மைக்கைத் தாங்கியிலிருந்து கழற்றினாள். தரையில் உட்கார்ந்து, நாயின் வயிற்று ரோமத்தை விலக்கி, மெல்ல வைத்தாள். வயிறு பலகைபோல் இறுகியிருந்தது.

"தம்பி, ஹெட்ஃபோன மாட்டு. சத்தத்த ஏத்து."

"ஏத்திட்டேன்."

"என்ன கேக்குது?"

திறந்த கதவு வழியே அவனைப் பார்த்தாள். எதற்கும் உடனே ஒரு கிண்டல் வைத்திருப்பவன், கண்களை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருந்தான்.

"சொல்லுடா."

"மூச்சு கேக்குது. நெஞ்சு அடிக்கிறது கேக்குது. ரொம்ப வேகமா அடிக்குது." ஹெட்ஃபோனைக் கழற்றினான். "வயித்துல ஒண்ணுமே இல்லக்கா."

கால்நடை மருத்துவர் அவர்களைக் கண்டதும் பழகிய முகத்துக்கான புன்னகையைத் தந்தார். "என்ன, மறுபடியும் நம்ம ஆளா? எதத் தின்னான்?"

"ஒண்ணும் தின்னல டாக்டர். அதான் பயமா இருக்கு."

ஸ்டெதஸ்கோப்பை வைத்தவர் புன்னகையை எடுத்துவிட்டார். எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் குடல் சில இடங்களில் காற்றால் உப்பியிருந்தது. எலும்பு, கல், ஆணி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

"அடைப்பா இருக்கலாம். இவனுக்கு வழக்கமா வர்ற குடல் வீக்கமாவும் இருக்கலாம்மா. குளுக்கோஸ் ட்ரிப்ஸ் போட்டு நாளைக்குப் பாப்போம். தெரியாம வயித்தக் கிழிக்கக் கூடாது இல்லையா?"

நியாயமான பேச்சுதான். நாளை என்ற சொல்லைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை. மேசைமீது கிடந்த நாய் அவளைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்பாஞ்சு இல்லாத வெறும் சுவர்.

அவள் தூக்கிவாரிப்போட்டவள்போல் திரும்பினாள்.

"தம்பி, வீட்டுக்கு ஓடு. ரெக்கார்டிங் ரூம்ல, கதவுக்குப் பின்னாடி, தரையோட ஒட்டின இடத்துல பாரு. எல்லா மூலையும் பாரு."

அவன் போய்ச் சேர்வதற்குள் அவள் மனம் எத்தனையோ முறை போய்வந்துவிட்டது. கைபேசி அடித்தபோது எடுக்கவே பயமாக இருந்தது.

"கதவுக்குப் பின்னாடி உள்ளங்கை அளவு ஸ்பாஞ்சக் காணோம்க்கா." அவனுக்கு மூச்சிரைத்தது. "கடிச்சுப் பிச்சிருக்கான். துண்டு எங்கயாவது கிடக்கும்னு நாற்காலிக்கு அடியில, கம்பளத்துக்கு அடியில எல்லாம் தேடிட்டேன். இல்ல."

கொலைப்பட்டினி போட்டதுபோல் இருந்திருக்குமோ அதற்கு? தின்னக்கூடாது என்று அடைத்த இடத்திலேயே தின்றிருக்கிறது. அழுவதற்கு நேரம் இல்லை.

"டாக்டர், ஸ்பாஞ்சு எக்ஸ்ரேல தெரியுமா?"

மருத்துவர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். "தெரியாது." சற்று நிறுத்தினார். "இப்பவே திறக்கிறது நல்லது. ஆனா உடம்பு தளர்ந்திருக்கு. மயக்கத்துலயே போயிடலாம். நீங்கதான் சொல்லணும்."

எத்தனையோ பேரின் சாவை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தவள் அவள். இப்போது தன் சொந்த வாக்கியம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருந்தது. நாயின் காதுமடலைத் தடவினாள், சூடு குறைந்திருந்தது.

"திறங்க" என்றாள்.

கதவு மூடிக்கொண்டது. காத்திருப்போர் பெஞ்சில் ஒரு பூனை தன் கூடைக்குள்ளிருந்து விடாமல் கத்தியது. அவளுக்கு அந்தப் பூனையின்மேல் பொறாமையாக இருந்தது.

வெளியே வந்த மருத்துவரின் கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஊறிப் பருத்த கறுப்புத் துண்டு.

"குடல் கறுக்க ஆரம்பிச்சிருந்தது. வெட்டி எடுக்கற நிலைமைக்கு வரல. நாளைக்குன்னு விட்டிருந்தா நான் சொல்ற பதில் வேற. உயிர் இருக்கு. தையல் தாங்குதான்னு தெரிய ரெண்டு மூணு நாள் போகணும். அதுவரைக்கும் பயம் பயம்தாம்மா. மறைக்க மாட்டேன்."

கூண்டில் கிடந்த நாயின் விலாவில் அவள் கையை வைத்துக்கொண்டாள். மூச்சு ஏறி இறங்கியது. ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் அடுத்த ஏற்றம்வரை அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கைபேசி மறுபடி அதிர்ந்தது.

"அக்கா, திட்டாத. ரூம்ல இருந்த ஸ்பாஞ்சு மொத்தத்தையும் பிச்சிட்டேன். சுவர் பல்லிளிக்குது. இனிமே நீ ஒரு வரி படிச்சா மூணு வரியா எதிரொலிக்கும்."

"ஒலிக்கட்டும்டா" என்றாள் அவள், விலாவிலிருந்து கையை எடுக்காமல். "தரையில தூள் ஏதும் கிடக்குதா, நல்லாக் கூட்டு."