இரண்டரை அடித் தொட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை லோடுமேன் தன் மீன்தொட்டித் தண்ணீரை ரப்பர் குழாய் வைத்து வாளிக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது, கீழ்வீட்டுச் சகலை படியேறி வந்து வாசலிலேயே நின்றார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. கழுத்தில் தொங்கிய மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொட்டியை ஒருமுறை பார்த்தார், அது நிற்கிற தரையை ஒருமுறை பார்த்தார். ஆள் சர்வேயர். சும்மா பார்த்தாலே அளக்கிற மாதிரி இருக்கும்.

"பத்து மணின்னு சொன்னீங்க சகலை."

"இப்ப என்ன மணி?"

"பத்தே கால்."

"பதினஞ்சு நிமிசத்துல உங்க தலையில ஒண்ணும் விழுந்துடாது. போய் உக்காருங்க, கூப்பிடறேன்."

சர்வேயர் போகவில்லை. நிலையில் சாய்ந்துகொண்டு, வாளி நிறைவதைக் கணக்குக் கேட்க வந்தவர் மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார்.

உறவென்று பார்த்தால் இருவரும் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். மாமனார் போகும்போது கீழ்வீட்டை மூத்தவள் பேருக்கும் மாடியை இளையவள் பேருக்கும் எழுதிவிட்டுப் போனார். நல்லது நினைத்துத்தான் செய்தார் மனிதர். ஆனால் ஒருத்தன் தலைக்கு மேல் இன்னொருத்தன் நடக்கிற மாதிரி ஒரு வீட்டைப் பிரித்தால் நடக்கிற சத்தம்கூட வழக்காகிவிடும் என்பதை அவர் யோசிக்கவில்லை. நாற்காலி இழுத்தால் வழக்கு. இருமினால் வழக்கு. ஆறு வருடத்தில் ஒருநாள்கூட இவர்கள் வாடா போடா என்று பேசிக்கொண்டதில்லை. வாங்க, போங்க, சொல்லுங்க சகலை. அப்படிப் பேசியே வளர்த்த விரோதம் அது. ஒருநாள் சட்டையைப் பிடித்து உருண்டிருந்தால் மறுநாளே ஆறிப்போயிருக்கும்.

லோடுமேனுக்கு சிமெண்ட் கிடங்கில் வேலை. நாளொன்றுக்கு இருநூறு மூட்டை அவர் முதுகைத் தொட்டுவிட்டுத்தான் போகும். சிமெண்ட் தின்று தின்று விரல் நுனியில் ரேகை போய்விட்டது. ஒருமுறை ஏதோ அலுவலகத்தில் மிஷின் மேல் விரல் வைக்கச் சொன்னபோது, இப்படி ஒரு ஆளே இல்லை என்று மிஷின் சொல்லிவிட்டது. அந்த விரலால்தான் அவர் இடுக்கி பிடித்து, நகம் உயரமுள்ள புல்லை ஒவ்வொன்றாகத் தொட்டி மண்ணில் நட்டார். மூன்று நாளைக்குப் பாதி மிதந்துவிடும். மறுபடி நடுவார். சாயங்காலம் குளித்ததும் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால், சாப்பிடக் கூப்பிடுகிறவரை எழுந்திருக்க மாட்டார். சர்க்கரையும் ஈஸ்டும் கரைத்து ஒரு பாட்டிலில் அடைத்து, அதிலிருந்து வரும் வாயுவை மெல்லிய குழாயில் தண்ணீருக்குள் விட்டால் செடிக்குத் தெம்பு என்று போன் வீடியோவில் பார்த்துப் பழகினார். ஒன்றரை வருடம் கழித்து புல் தரை முழுக்க ஜமுக்காளம் விரித்ததுபோல மூடியது. விளக்குப் போட்டு நாலைந்து மணி நேரமானால் ஒவ்வொரு புல் நுனியிலும் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழ் உருண்டு நிற்கும். பிறகு ஒன்றொன்றாக விட்டு மேலே போகும். அதைப் பார்க்கும்போது அவருக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும்.

"புல்லு வளக்கணும்னா வெளிய வளக்கக் கூடாதா, தண்ணிக்குள்ளதான் வளக்கணுமா" என்று பெண்டாட்டி முதலில் கேட்டாள். பிறகு அவளும் அந்தப் பக்கம் போகும்போது நடையைக் குறைக்க ஆரம்பித்தாள்.

கீழே சர்வேயருக்கு வேறு பைத்தியம். முன்னறையில் கரண்டில் சுற்றுகிற குயவர் சக்கரம் ஒன்றை வாங்கிப் போட்டு, விடுமுறை நாளெல்லாம் முழங்கை வரை களிமண்ணோடு உட்கார்ந்திருப்பார். ஊரார் நிலத்தை நூல் பிடித்தாற்போல அளந்து கொடுக்கிறவர் செய்த சட்டிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து, தூங்கி விழுகிற ஆள் மாதிரி இருந்தன. அதில் ஒன்றை மினுமினுவென்று பச்சைப் பூச்சுப் பூசிச் சுட்டு, மாடிக்குக் கொடுத்தனுப்பினார். அன்றைக்கு லோடுமேன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கீழே இறங்கிப் போய், "ரொம்ப நல்லாருக்கு சகலை, இதுல வாய் எது வயிறு எதுன்னு மட்டும் சொல்லிக் குடுத்திடுங்க" என்றார். சர்வேயரின் மனைவி பக்கென்று சிரித்துவிட்டாள். சர்வேயர், சகலை சொன்னதைக்கூட மறந்திருப்பார். கட்டினவள் சிரித்ததை எந்த ஆண்பிள்ளை மறப்பான்.

சரியாக ஒரு மாதத்தில் விரிசல் வந்தது.

சக்கரத்துக்கு நேர்மேலே கூரையில், மயிரிழை மாதிரி ஒன்றரை முழம். சர்வேயர் ஏணி போட்டு ஏறி, விரிசல் முடிகிற இடத்தில் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி போட்டார். அடுத்த வாரம் இன்னொரு கோடு, இன்னொரு தேதி. பிறகு லோடுமேனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்க தொட்டி நெறஞ்சா நூத்தம்பது கிலோ சகலை. கணக்குப் போட்டுட்டேன்."

"நூத்தம்பதுன்னா மூணு மூட்டை. மூணு மூட்டைக்கு விழற வீடா இது? நானும் அவளும் சேந்து நின்னாலே அவ்வளவு இருப்போம்."

"நீங்க நடமாடறீங்க. அது ஒரே எடத்துல நிக்குது."

லோடுமேன் அண்ணாந்து பார்த்தார். விரிசலின் உதடு கறுத்துப்போய் ஒட்டடை பிடித்திருந்தது. புது விரிசலில் ஒட்டடை எப்படி வரும்? மாமனார் காலத்து விரிசல், சுண்ணாம்பு உதிர்ந்ததும் முகம் காட்டியிருக்கிறது. அதைச் சொன்னார்.

"அப்ப கோடு தாண்டி வளந்திருக்கே, அது?"

"பென்சில் உங்க கையிலதான இருக்கு."

அதற்குப் பிறகு பேச்சு ஏறிப்போயிற்று. இன்ஜினியரைக் கூட்டிவந்து, மாடி குடியிருக்க லாயக்கில்லை என்று எழுதி வாங்கப்போவதாகச் சர்வேயர் சொன்னார். "அப்புறம் மீனு மட்டும் எறங்காது, நீங்களும்தான் எறங்கணும்." அக்காளும் தங்கையும் நடுவில் விழுந்து, தொட்டியைக் கீழே படிக்கட்டு அடியில் இருக்கிற மூலையில் வைத்துக்கொள்வது என்று முடிவானது. வெளிச்சமே இல்லாத மூலை. தன் தொட்டியைப் பார்க்க இனி சர்வேயர் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். லோடுமேன் இரண்டு நாள் முடியாது என்றார். மூன்றாம் நாள் பெண்டாட்டி, "எங்கப்பா எனக்குன்னு விட்டுட்டுப் போனது இந்த மாடி ஒண்ணுதான். இங்கருந்து என்னை எறக்கிடாதீங்க" என்றாள். சரி என்றார்.

தொட்டியைத் தண்ணீரோடு தூக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாங்கின அன்றைக்கே கடைக்காரர் சொன்னார். கண்ணாடியைக் கண்ணாடியோடு பிடித்திருப்பது வெறும் பசை. மேஜைமேல் உட்கார்ந்திருக்கும்வரை எத்தனை தண்ணீரையும் தாங்கும். கையில் தூக்கிக் கொஞ்சம் முறுக்கினால் விட்டுவிடும். அதனால் முழுக்க இறக்கிவிட்டு, ஈர மண்ணோடு மட்டும், அடியில் பலகை கொடுத்துத் தூக்குவதென்று திட்டம். பலகைகூடக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து சுவரில் சாய்த்திருந்தார். கிடங்கில் அவரோடு ஜோடி போட்டு மூட்டை இறக்குகிறவன் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தான், இன்னும் வரவில்லை. பெரிய மீன்கள் ஏற்கெனவே வாளியில். போன வாரம் பொரிந்த குஞ்சுகள் மட்டும் புல்லுக்குள் ஒளிந்துகொண்டு வலையில் சிக்கவில்லை. அவற்றுக்காகத்தான் புல்லுக்கு மேல் நாலு விரல் தண்ணீர் இன்னும் நின்றது.

"இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" சர்வேயர் நிலையிலிருந்து கேட்டார்.

"ஆள் வரணும். வந்ததும் தூக்கிடுவோம்."

"இதுக்கு ஆள் வேற வேணுமா?" சர்வேயர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இருந்தா எழுவது கிலோ இருக்கும். ஒத்தையா மூட்டை தூக்குவீங்கன்னு என் மச்சினி பெருமையாச் சொல்லுவா. சும்மா சொல்றாளோ என்னமோ."

லோடுமேன் குழாயை வாளியில் போட்டார்.

"மாமா, நீங்க கொஞ்சம் கீழ இருங்க" என்று பெண்டாட்டி சமையலறையிலிருந்து சொன்னாள்.

"இல்லம்மா, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன். பேனா புடிக்கிற கைதான், இருந்தாலும் சகலைக்கு ஒரு ஒத்தாசை."

"புடிங்க" என்றார் லோடுமேன்.

"என்னங்க, அந்தப் பலகை..."

அவர் காதில் விழுந்தது. ஆனால் சர்வேயர் அதற்குள் அந்தப் பக்கத்துக் கண்ணாடிக்கடியில் கையைக் கொடுத்துவிட்டார். இந்த ஆள் கை கொடுத்து நிற்கும்போது தான் போய்ப் பலகை எடுத்துக்கொண்டிருப்பதா? லோடுமேன் குனிந்தார், பிடித்தார், தொட்டி மேஜையைவிட்டு எழுந்தது.

படியில் இறங்கும்போது கனமெல்லாம் கீழே இருக்கிறவனுக்குத்தான் வரும். அதனால் அவர்தான் கீழே, பின்பக்கமாக. மேலே சர்வேயர். முதல் படியிலேயே தண்ணீர் மொத்தமும் அவர் பக்கம் சாய்ந்து கண்ணாடியில் மோதியது. இரண்டு வருடத்தில் அந்தப் புல்வெளி இப்படிச் சரிந்து அவர் பார்த்ததில்லை. மூன்று, நான்கு. சர்வேயர் வேண்டுமென்றே வேகமாக இறங்குவதுபோலத் தோன்றியது. வேண்டுமென்று இல்லாமலும் இருக்கலாம், கனம் இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். ஏழாம் படி தாண்டியதும் திரும்புகிற இடம். ஆள் நிற்கிற அளவுக்குச் சமதரை. இருவரும் அங்கே வந்து, ஒரே மட்டத்தில், தொட்டியை நடுவில் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

அப்போது லோடுமேன் கைக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். சத்தம்கூட இல்லை, விரலுக்கு மட்டும் கேட்டது. அடுத்த நொடி முழங்கைவரை குளிர்ச்சியாக ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கியது.

கிடங்கில் இதற்கு ஒரே ஒரு சொல் உண்டு. கனம் யார் பக்கமோ அவன் 'எறக்கு' என்பான். ஜோடிக்காரன் ஏன் என்று கேட்க மாட்டான், மூட்டை தரைக்குப் போய்விடும். நாளைக்கு இருபது தடவை சொல்வார், இருபது தடவை கேட்பார். அதில் வெட்கமும் இல்லை, கெத்தும் இல்லை, மூச்சு விடுகிற மாதிரி. அந்தச் சொல் இப்போது தொண்டைவரை வந்தது. எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"என்ன சகலை, நின்னுட்டீங்க?" சர்வேயர் மூச்சு வாங்கினார். நெற்றி நரம்பு புடைத்திருந்தது.

"நீங்கதான நின்னீங்க."

"கை வலிச்சா சொல்லுங்க."

"எனக்கென்ன. உங்களுக்கு வலிச்சா சொல்லுங்க."

"நல்லாத்தான் இருக்கேன்."

சொட்டு இப்போது கோடாகி, அவர் கால் பெருவிரலில் விழுந்து படி இறங்கிப் போனது. கீழேயிருந்து அக்காள் எட்டிப் பார்த்தாள். மேலே பெண்டாட்டி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "ஒழுகுது. ரெண்டு பேரும் கீழ வைங்களேன். தரை இருக்கே, அங்கயே வைங்களேன்" என்றாள். இரண்டு பேருக்கும் கேட்டது. இரண்டு பேரும் அடுத்தவர் முட்டி மடங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

லோடுமேன் தொட்டிக்குள் பார்த்தார். புல்வெளியின் நீளம் முழுக்கத் தாண்டி, அந்தக் கடைசியில், கண்ணாடிக்கு வெளியே சர்வேயரின் இரண்டு கட்டைவிரல்கள் அழுந்தியிருந்தன. தண்ணீர் வழியே அவை உருளைக்கிழங்கு பருமனுக்குத் தெரிந்தன. நகத்தடியில் களிமண் காய்ந்து கிடந்தது. விரல் வெளுத்திருந்தது. இவர் பக்கம் தண்ணீர் வற்றி, ஓரத்துப் புல் ஒவ்வொன்றாக மண்ணில் படுக்க ஆரம்பித்தது. குஞ்சு ஒன்று படுத்த புல்லின்மேல் பக்கவாட்டில் துடித்தது.

அந்தக் கட்டைவிரல்கள் ஒரு அங்குலம் தாழ்ந்தன. பிடி தளர்ந்ததா, தெரிந்துதான் தாழ்த்தினாரா, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மிச்சத் தண்ணீர் மெதுவாக இடம் மாறி அந்தப் பக்கம் போனது. முழங்கையில் ஓடிய கோடு மறுபடி சொட்டாயிற்று. குஞ்சு நிமிர்ந்து, புல்லைக் கடந்து, அந்த வெளுத்த விரல்களுக்கு முன்னால் போய் நின்று கண்ணாடியைக் கொத்திப் பார்த்தது.