ஆட்டாமல் வைத்த குழாய்

ஆம்பூர் ஷூ கம்பெனித் தொழிலாளி ஒருவரின் டைபாய்டு கிருமி குளோரம்பெனிகால் மருந்துக்குச் சாகவில்லை. அவர் இருந்த ஆஸ்பத்திரி வார்டிலேயே இன்னொருவரின் சாதாரணக் குடல் கிருமியும் சாகவில்லை. இரண்டையும் தனித்தனித் தட்டில் வளர்த்துப் பார்த்தவள் டெக்னீஷியன் ஷஹீன் பானு.

"ரெண்டு தட்டையும் கலந்துட்டிருக்கா," என்றார் வேலூர் ஆய்வகத்தின் தலைவர் சுப்பராயன். "திங்கக்கிழமையிலேர்ந்து பாட்டில் கழுவுற ரூமுக்குப் போகட்டும்."

ஷஹீனுக்கு வேலை பழக்கிய டாக்டர் ஜெபகனிக்கு அப்படித் தோன்றவில்லை. கிருமிக்குள் பெரிய மரபு இழை தவிர, பிளாஸ்மிட் என்ற சிறு வளையமும் இருக்கலாம். மருந்தைத் தாங்கும் திறன் அதில் இருந்தால், இரண்டு கிருமிகள் ஒட்டி நிற்கும்போது வளையத்தின் நகல் அடுத்ததற்குப் போய்விடும். ஷஹீனைக் காப்பாற்ற அதை நடத்திக் காட்ட வேண்டும்.

ஜெபகனி அந்தக் குடல் கிருமியை, குளோரம்பெனிகாலுக்குச் சாகும் பழைய டைபாய்டு கிருமியோடு ஒரே குழாயில் கலந்தாள். பழையது வேறொரு மருந்தைத் தாங்கும். குடல் கிருமி அதைத் தாங்காது. ஆகவே இரண்டு மருந்தும் சேர்த்த தட்டில், வளையம் வாங்கிக்கொண்ட டைபாய்டு மட்டுமே பிழைக்கும்.

தட்டில் எதுவும் முளைக்கவில்லை.

"பாட்டில் ரூம்ல சோப்பு வாசனை நல்லாத்தான் இருக்கும், மேடம்," என்றாள் ஷஹீன்.

"கம்முனு இரு. குழாயை எங்க வச்சோம்?"

"எங்க வைப்போம்? ஆட்டுற மெஷின்லதான். காத்து பட்டாத்தான் நல்லா வளரும்னு நீங்கதான் பழக்குனீங்க!"

ஜெபகனி தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, ஷஹீன்! சில கிருமியில இந்த மாதிரி வளையம் பெரிய இழையோடவே சேர்ந்துக்கும். அப்ப அந்த இழையையும் ஒரு முனையிலேர்ந்து அடுத்த கிருமிக்குள்ள இழுத்துட்டுப் போகும். ஸ்டேஷனுக்குள்ள ரயில் வர்ற மாதிரி. நடுவுல மிக்சி மாதிரி ஒண்ணுல போட்டு சுத்துனா ஜோடி பிரிஞ்சிடும். அதுக்குள்ள எந்தப் பெட்டி, அதாவது எந்த மரபணு, வந்திருக்குன்னு பார்த்துப் பார்த்துத்தான் விஞ்ஞானிங்க மரபணு வரிசையையே வரைஞ்சாங்க."

"அதுக்கும் நமக்கும் இன்னா?"

"அவங்க வேணும்னே பிரிச்சாங்க. நாம ராத்திரி பூரா தெரியாம பிரிச்சிருக்கோம்!"

இந்த முறை குழாயை அசைக்காமல் வைத்தார்கள். தட்டில் வெளிறிய புள்ளிகள் முளைத்தன. அதே இரண்டு மருந்தோடு ஒவ்வொரு கிருமியையும் தனியாகப் பரப்பிய தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. சுப்பராயன் புள்ளிகளைத் தானே சோதித்தார். டைபாய்டேதான்.

"உன் மேசையிலேயே இரும்மா," என்றவர், வார்டுக்குப் போன் போட்டு அந்த இருவரையும் தனியே மாற்றச் சொன்னார்.

ஷஹீன் சிரிக்கவில்லை. "என் தப்பாவே இருந்திருந்தா நல்லாருந்திருக்கும், மேடம். என்னை மாத்துனா சரியாப் போயிருக்கும்."

வளையம் இன்னும் யார் யாரிடம் போயிருக்கிறது என்று பார்க்க, ஜெபகனி வார்டில் மற்ற எல்லோருடைய மாதிரிகளையும் எடுத்துவர ஆளனுப்பினாள்.