மார்க்ஸ் டோர்மோயில் குடியேறிய வெந்நீர் ஊற்று

தில்லைநாயகி ஐஸ்லாந்தில் பார்த்துவிட்டு வந்த வெந்நீர் ஊற்று, மறு கிழமையே பாரிசுக்கு வந்து, மார்க்ஸ் டோர்மோயில் அவளுடைய மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறைத் தொட்டியில் குடியேறியது. தொட்டியின் ஓட்டைக்குள் முதலில் ஒரு பெருமூச்சு கேட்டது, பிறகு நீலமாய் ஒரு குமிழ் வந்தது, பிறகு கூரை வரைக்கும் கொதிநீர் பீறிட்டது. குழாய் திருத்தும் பெர்னார் வந்து கட்டடம் முழுவதற்கும் தண்ணீரை அடைத்துப் பார்த்தார். ஊற்று அவரைச் சட்டை செய்யவில்லை. ஐஸ்லாந்தில் அதன் பழைய இடத்தில் சுற்றுலாப் பயணிகள் வெறுங்குழியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். கீழ்வீட்டு ரோசாலி அம்மா புதுச்சேரிக்காரர், எதற்கும் பதறாதவர். தன் வீட்டில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை என்று பார்த்துக்கொண்ட பிறகு, அந்த நீரில் துணி நனைத்து முழங்காலுக்கு ஒற்றடம் கொடுக்கத் தொடங்கினார். தில்லைநாயகி மரக்கறி வெட்டும் பெர்தொனே தெருச் சாப்பாட்டுக் கடையிலிருந்து முட்டை அவிக்கக் கொடுத்தனுப்பினார்கள். தண்ணீருக்கே அவித்த முட்டை மணம் இருந்ததால் ஒருவரும் குறை சொல்லவில்லை.

அது ஏன் வந்தது என்பது அவளுக்கும் அவள் கணவரின் தமையன் மகாலிங்கத்துக்கும் மட்டுமே தெரியும். அவர்கள் திருகோணமலைக்காரர்கள். அந்தப் பக்கத்தில் செத்தவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்து அந்தியேட்டிச் சடங்கு செய்யக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவார்கள். தில்லைநாயகியின் கணவர் சிவரூபனோ போரின் கடைசி மாதங்களில், வன்னியில் சனத்தோடு சனமாக நடந்துகொண்டிருந்தபோது காணாமல் போனவர். உடம்பும் கிடைக்கவில்லை, சேதியும் வரவில்லை. அவள் பொட்டை அழிக்கவில்லை, தாலியைக் கழற்றவில்லை. பல வருடங்களாக அதை ஒருவரும் கேட்கவும் இல்லை. தையில் மகாலிங்கத்தின் மகள் நிரோஜினிக்குக் கல்யாணம் என்று முடிவானதும்தான் சொந்தக்காரர்களுக்கு வாய் அரித்தது: ஆராத்தித் தட்டை இவள் தொடலாமா, தொடக்கூடாதா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கன்னியாவுக்கு வா என்றால் அவள் வரமாட்டாள், ஐஸ்லாந்துக்கு என்றால் வருவாள் என்று மகாலிங்கம் யோசித்தார். வெந்நீர் எங்கே கிடந்தாலும் வெந்நீர்தானே என்பது அவர் நியாயம். ஆவணியில் குடும்பத்தோடு சுற்றுலா புறப்பட்டார். அவருடைய பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே எள்ளும் தர்ப்பையும் இருந்தன.

அங்கே ஊற்றைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு இந்தப் பக்கம் பல தேசத்துச் சனமும் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. மகாலிங்கம் எள்ளை எடுத்துத் தில்லைநாயகியின் உள்ளங்கையில் வைத்தார். "போடு பிள்ளை. இனியாவது அவன் ஆறுதலாப் போகட்டும்." அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் விரல்கள் இறுகிக்கொண்டன. கையைத் திறந்தால் அந்த நிமிடத்தில்தான் அவர் சாவார், சாகடித்தவள் தானே என்று அவளுக்குத் தோன்றியது. அவள் கை மூடியிருந்தவரைக்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழும்பும் அந்த ஊற்று எழும்பவே இல்லை. வழிகாட்டிப் பெண் ஷார்லோத் கடிகாரத்தைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். தில்லைநாயகி எள்ளைப் புதுக் கோட்டின் பைக்குள் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டாள். பாரிசுக்கு வந்ததும் அந்தக் கோட்டைச் சமையலறைக் கதவில் மாட்டியவள், பிறகு அதைத் தொடவில்லை. குளிருக்குப் பழைய கோட்டே போதும் என்று இருந்துவிட்டாள்.

ஊற்று வந்த நாளிலிருந்து மகாலிங்கம் ஞாயிறு தோறும் வந்தார். "அவன்தான் பிள்ளை. எள்ளும் தண்ணியும் கேட்டு வந்து நிக்கிறான்."

"செத்த ஆள் கேட்டால் இப்பிடிக் கொதிக்குமே, அண்ணை?" என்று கேட்டுவிட்டு அவள் தேநீர் ஊற்றினாள்.

கல்யாணம் நெருங்க நெருங்க ஊற்றுக்கும் பொறுமை கெட்டது. கண்ணாடிகள் அதிர்ந்தன, சுவரில் வெடிப்பு ஓடியது, படிக்கட்டில் ஆவி கட்டி ஆளை ஆள் தெரியாமல் போனது. கல்யாணத்துக்கு முதல் நாள் கட்டட நிர்வாகி ஜூலியன் வந்து, மாலைக்குள் இது அடங்காவிட்டால் எல்லாக் குடும்பங்களும் வெளியேற வேண்டியதுதான் என்று சொன்னார். ரோசாலி அம்மா கூடத் துணிமூட்டை கட்டினார். மகாலிங்கம் வேட்டியோடு வந்து சமையலறை வாசலை மறித்தார்.

"ஒருத்தன் போனதுக்கு எத்தினை பேரை றோட்டிலை விடப்போறாய்? எனக்கும் அவன் தம்பிதானே! எனக்கும் அழுது முடிக்க வேணும், பிள்ளை."

"பப்பா, ஸா சுஃபி!" போதும் என்று நிரோஜினி பிரெஞ்சில் கத்தினாள். அவள் கையில் மருதாணி இன்னும் காயவில்லை.

தில்லைநாயகி கதவிலிருந்த கோட்டை எடுத்தாள். படிக்கட்டில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அன்றைக்கு அவள் எள்ளைப் போடத்தான் போனாள். இதை மறைக்க வேண்டியதில்லை. களைத்துப் போயிருந்தாள், குழந்தை குட்டிகளோடு நின்ற அயலவரைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பைக்குள் கை விட்டவள் அப்படியே நின்றாள். மாதக்கணக்காய் ஆவியில் ஊறிய எள், பையின் தையலைப் பற்றிக்கொண்டு பச்சையாய் முளைத்திருந்தது. முளைத்த எள்ளைச் செத்தவருக்கு இறைக்கும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை.

"அவர் இருக்கிறார் எண்டு நான் சொல்லேல்லை, அண்ணை," என்றாள். "எனக்குத் தெரியாது. செத்துப்போனார் எண்டு மட்டும் என்ரை கையாலை சொல்லமாட்டன். நீங்கள் அழுங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

மகாலிங்கம் ஈரத் தரையில் உட்கார்ந்து, தம்பி காணாமல் போன நாளிலிருந்து அழாத அழுகையை அழுதார். ஊற்று ஒருமுறை கூரையைத் தொட்டுவிட்டு, அவர் தோளளவுக்கு இறங்கி அடங்கியது. ரோசாலி அம்மா மூட்டையை அவிழ்த்தார்.

மறுநாள் ஆராத்தித் தட்டைத் தில்லைநாயகிதான் எடுத்தாள். மணப்பெண்ணே அவளைக் கை பிடித்து இழுத்து வந்ததால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. சன்னலோரச் சாடியில் எள் வளர்ந்து வெள்ளையாய்ப் பூத்தது. ஐஸ்லாந்துக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் இப்போது லா ஷப்பெல் ரயில் நிலையத்தில் இறங்கி வழி கேட்டு வருகிறார்கள். சமையலறையின் குறுக்கே அவள் உடுப்புக் காயப்போடும் கயிற்றைக் கட்டியிருக்கிறாள். அதற்கு இந்தப் பக்கம் அவர்கள் கைபேசியோடு நிற்கிறார்கள். ஊற்று எப்போது வரும் என்று கேட்காதவர் இல்லை.

"வாற நேரத்திலை வரும், நில்லுங்கோ," என்கிறாள் தில்லைநாயகி. பாஷை தெரியாவிட்டாலும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் நிற்கிறார்கள்.