உளுந்து களையும் மிஷின்

உச்சி வெயிலில் பூலோகம் வாசலில் வந்து நின்றதுமே மீனாட்சியம்மாளுக்குச் சுருக்கென்றது. இட்லி சுமந்து விற்கிற ஆட்கள் விடியற்காலையில்தான் வருவார்கள். சுமைகாரர்களுக்கெல்லாம் மூத்தவன் இந்நேரத்தில் வந்து காலை மாற்றி மாற்றி நின்றால் நல்ல சேதியாகவா இருக்கும்?

"யக்கா, நாளையில இருந்து எங்களுக்கு இட்லி அவிக்க வேண்டாம்."

"ஏம்ல?"

"துணி தொவைக்கிற மிஷின்ல உளுந்து களையுதியளாம். அதுவும் ஆசுபத்திரித் துணி தொவச்ச மிஷினாம். தாராவி பூரா இதே பேச்சு. வாங்குறவன் எம்மூஞ்சில துப்புவான்க்கா."

யார் கிளப்பியது என்று அவள் கேட்கவில்லை. அடுத்த சந்தில் இட்லி அவிக்கும் கொழுந்தன் பிரம்மநாயகத்தைத் தவிர வேறு எவனுக்கு அந்த வாய் வரும்? அண்ணன் செத்துப் பதினாறு கழிந்த கையோடு, இட்லிக் கொப்பரைகளில் பாதியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தனியடுப்பு மூட்டியவன். சுமைகாரர்களிலும் பாதிப் பேரை இழுத்துக்கொண்டு போனான். மிச்சப் பேரும் போய்விட்டால் இவள் அடுப்பை அணைத்துவிட்டு ஊருக்கு ரயிலேற வேண்டியதுதான். அதற்குத்தான் அந்தப் படுபாவி நாக்கைத் தொங்கப்போட்டுக் காத்திருந்தான்.

மிஷின் சங்கதி மட்டும் மெய். கறுப்பு உளுந்தை ஊறப்போட்டுத் தொலி போகக் கசக்கிக் கசக்கி அவள் விரலிடுக்கெல்லாம் புண்ணாகியிருந்தது. குழம்பில் கை வைத்தால் உயிர் போகும். அப்போதுதான் கரீம் பாட்சாவின் பழைய சாமான் கடையில், மூடி இல்லாத மிக்ஸிகளுக்கும் கல் இல்லாத கிரைண்டருக்கும் நடுவே அந்த வெள்ளைத் தொட்டி கண்ணில் பட்டது. உருண்டையான வாஷிங் மிஷின். கரீம் பாட்சா தண்ணீர் ஊற்றிச் சுழலவிட்டுக் காட்டினார். வேறு யாராக இருந்தாலும் துணிதான் ஞாபகத்துக்கு வந்திருக்கும், இவளுக்கு உளுந்து வந்தது. வீட்டில் கொண்டுவந்து போட்டுப் பார்த்தால், தொலி தானாகப் பிரிந்து மேலே மிதந்து தண்ணீரோடு வழிகிறது, பருப்பு அடியில் வெள்ளை வெளேரென்று கிடக்கிறது! அன்றைக்கு அவள் மிஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அந்த மிஷின் வச்சிருந்தவ்வளே வந்து சொல்லட்டும்க்கா, ஆசுபத்திரித் துணி இல்லன்னு. நாங்க தூக்குதோம்" என்றான் பூலோகம்.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே கடைக்குப் போனாள். கரீம் பாட்சாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்த ஆசுபத்திரி? அல்லா அறிய மாட்டுங்காவுல ஒரு ஐயர் வீட்டுல எடுத்தது. நாந்தானே மாடியில இருந்து எறக்குனேன்! இப்படிப் பேசுறவன் நாக்கு அழுவிப் போவ" என்று வைதுவிட்டு, வீட்டுக்கு வழி சொன்னார்.

கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றபடியே நாகலக்ஷ்மி மாமி விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆஸ்பத்திரியா? நன்னாருக்கு! அதுல ஒரு கைக்குட்டைகூட நனைஞ்சதில்லைம்மா. இவர் ஆசையா வாங்கிண்டு வந்தார். என் மாமியார் பிடிச்சாளே ஒரு பிடிவாதம், மடித்துணியும் விழுப்புத்துணியும் ஒரே தொட்டியில சுத்தறதான்னு. அதோட சரி. மேல ஒரு பழைய புடவையைப் போத்தி ரேடியோ வெச்சுண்டோம். அவா போன பின்னாடி எடத்தை அடைச்சுண்டு கிடக்கேன்னுதான் குடுத்தேன்."

மீனாட்சியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "மாமி, நீங்க மகராசியா இருப்பிய. இத எங்க சந்துல வந்து ஒரு வார்த்த சொல்லணும். டாக்ஸியிலயே கூட்டிட்டுப்போயி டாக்ஸியிலயே கொண்டாந்து விட்டுருதேன்."

"நீ என்ன, லாண்டரியா வெச்சிருக்கே?"

"இட்லி, மாமி. ஒங்க தெருவுக்கெல்லாம் எங்கிட்ட இருந்துதான் வருது. அந்த மிஷின்லதான் உளுந்து களையுதேன்."

மாமியின் சிரிப்பு அப்படியே நின்றது. கை தானாக வாயைப் பொத்தியது.

"ஐயய்யோ! வாஷிங் மிஷின்லயா? அதையா நாங்க தினம் வாங்கிச் சாப்பிடறோம்?"

"நீங்கதான மாமி இப்பச் சொன்னிய, ஒரு துணிகூடப் படலன்னு?"

"படலைன்னா? துணி மிஷின் துணி மிஷின்தானே! கர்மம், கர்மம். இனிமே அந்த இட்லிக்காரன் இந்த மாடி ஏறப்படாது, சொல்லிடு."

உள்கதவும் சாத்திக்கொண்டது. மீனாட்சியம்மாள் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆசுபத்திரிப் பழியாவது பொய், அதோடு மல்லுக்கட்டலாம். இந்த மாமியிடம் என்னத்தைச் சொல்லி மல்லுக்கட்ட? ரயில்வே பாலத்தில் ஏறி இறங்கும்வரை அவள் வாய் மாமியை, செத்துப்போன மாமியாரை, கொழுந்தனை என்று ஒருவர் விடாமல் வைதுகொண்டே வந்தது.

வாசலில் கூட்டம். சுமைகாரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். நடுவில், கஞ்சி போட்ட வெள்ளைத் துண்டைத் தோளில் விசிறி மாதிரி மடித்துப் போட்டுக்கொண்டு பிரம்மநாயகம்.

"என்ன மைனி, பாட்சா சொன்ன ஐயரம்மா பின்னால வாராவளோ?"

அவள் வாசல் நடையில் கிடந்த மிஷினிடம் போனாள். ஊறிய உளுந்தை மிஷினில் கொட்டினாள், தண்ணீரை ஊற்றினாள், சுவிட்சைத் திருகினாள். தொலி மேலே வர ஆரம்பித்தது.

"எல்லாரும் கேளுங்க. இதுல ஒரு துணி பட்டதில்ல. அந்த மாமி வாயாலயே சொல்லியாச்சு. என் புருசன் மேல சத்தியம்."

"துணி மிஷின்ல துணியே படலையாம்! கேட்டியளாடே?" என்றான் பிரம்மநாயகம்.

கொல்லென்று சிரித்தார்கள். பூலோகமும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். பிரம்மநாயகம் சிரித்தது அவளுக்கு உறைக்கவே இல்லை. அவள் கையால் சோறு தின்ற பூலோகம் சிரித்ததுதான் உறைத்தது. ஒரே எட்டில் போய், கொழுந்தன் தோளில் கிடந்த துண்டை உருவினாள். அவன் ஏய் என்பதற்குள் அது மிஷினுக்குள் போய்விட்டது.

"இந்தா, இப்பப் பட்டுட்டுல்லா? போ. போயி ஊரெல்லாம் சொல்லுல!"

யாரும் சிரிக்கவில்லை, யாரும் நகரவுமில்லை. அந்த மிஷினில் விழுந்த முதல் துணி நாளைய உளுந்தோடு சேர்ந்து முங்கி எழுந்து சுற்றியது. சுற்றச் சுற்றத் தொலி அதன்மேல் அப்பிக்கொண்டே வந்தது.